‘வணக்கம்’ போட்ட பிறகு வந்தவன்

அலுவலக நேரத்தில் அழுவதற்கு ஆவுடையப்பன் ஒரு முறை வைத்திருந்தார். அலுவலகக் கோப்பு ஒன்றைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். ஐம்பத்தெட்டு வயது அரசு ஊழியர் கோப்பை அவ்வளவு கிட்டத்தில் வைத்துப் படித்தால், கண்ணாடி மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மனுஷனிடம் இன்னும் கண்ணீர் இருப்பு இருக்கிறதென்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

“சார், கோப்பு தலைகீழா இருக்கு,” என்றது ஏழு.

ஏழு என்பது மேசைமேல் இருந்த பெட்டி. மூன்றடுக்கு டிபன் கேரியர் உயரம், முன்னால் ஒரு பச்சை விளக்கு. அரசாங்கம் வைத்த பெயர் ‘மதிப்பீட்டு உதவியாளர், அலகு 7’. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தேநீர் ஆறிவிடும் என்பதால் ஆவுடையப்பன் ஏழு என்று சுருக்கிவிட்டார். கோவில்பட்டியில், கடலைமிட்டாய்க் கடைக்கு மேலே, வெல்லப்பாகு வாசனை வீசும் இந்த ஒற்றை அறையில் இருவருமாகப் பதினோரு வருஷம் பழைய படங்களைப் பார்த்து மதிப்பெழுதி வருகிறார்கள்.

சுவரில் ‘வணக்கம்’ என்ற எழுத்து வந்து நின்றது. படம் முடிந்திருந்தது.

படத்தின் பெயர் ‘மேனகாவும் மெஷினும்’. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய காதல் நகைச்சுவை. சென்னையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வருகிறது. பீரோ அளவு. முன்பக்கம் முழுக்க விளக்குகள். உற்றுப் பார்த்தால் கல்யாண வீட்டு சீரியல் செட் என்று தெரிந்துவிடும். ஆயுத பூஜையன்று மேலாளர் அதற்கும் சந்தனப் பொட்டு இட்டு, எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி உச்சியில் வைக்கிறார். சாறு இரண்டு சொட்டு உள்ளே இறங்குகிறது. அவ்வளவுதான் விஞ்ஞானம். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்துவிடுகிறது. கணபதி என்று பெயர் வைக்கிறார்கள். கணபதி, டைப்பிஸ்ட் மேனகாவைக் காதலிக்கிறது. அதற்குக் குரல் கொடுத்தவர் மண்பானைக்குள் தலையை விட்டுப் பேசியிருக்க வேண்டும். அந்தக் குரலில் அது பாட்டுப் பாடும், மேலாளரைக் கிண்டல் செய்யும், உர மூட்டைப் பட்டியலின் நடுவே ‘மேனகா இன்று மஞ்சள் புடவை’ என்று அச்சடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் விளக்கை அணைத்துக்கொள்ளும்.

கடைசியில், மேனகாவுக்கும் மாடிவீட்டு ஆர்மோனியக்காரனுக்கும் நடுவில் தான் நிற்பதாகப் புரிந்துகொண்டு கணபதி தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. ஆளில்லாத அலுவலகத்தில் பிரின்டர் மட்டும் ஓடுகிறது. ‘மேனகா சாப்பிட்டாச்சா. மேனகா சாப்பிட்டாச்சா.’ ரிப்பனில் மை தீரத் தீர எழுத்து வெளிறி, கடைசி வரியில் வெறும் ஊசித்தடம். வணக்கம்.

ஆவுடையப்பன் கோப்பை நேராகத் திருப்பினார். “தூசிடே. கண்ணுல விழுந்துட்டு.”

“ரெண்டு கண்ணுலயுமா சார்?”

“இது அந்தப் படமே இல்ல தம்பி,” என்றார் எதிர் நாற்காலியில் இருந்த மனுதாரர்.

மனுதாரர் பெயர் ஐகோர்ட்துரை, வயது எழுபத்திரண்டு. காலையில், படத்தைத் திருத்தக் கூடாதென்ற அவர் மனுவைப் பதிந்தபோது ஏழு, “உயர் நீதிமன்ற வழக்கா சார்?” என்று கேட்டு, அது குலசாமிப் பெயர் என்று விளக்கிய பிறகு மன்னிப்புக் கேட்டிருந்தது. ஐகோர்ட்துரை ஒரு காலத்தில் மங்கையர்க்கரசி டாக்கீஸில் ஆபரேட்டர். இப்போது அகில உலக கணபதி ரசிகர் மன்றத்தின் தலைவர். மன்றத்தில் உறுப்பினர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் துணைத்தலைவர்கள்.

“படம் இதுதான் அண்ணாச்சி,” என்றார் ஆவுடையப்பன். “நானே டாக்கீஸ்ல தரை டிக்கெட்டுல உக்காந்து பாத்தவன். எட்டு வயசு. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கது வேற. கணபதி சாகவே மாட்டான். கல்யாணத்துக்கு முன்னாடி டிவியில போட்டப்பதான் அவன் செத்ததைப் பாத்தேன். பெண்ணு வீட்டுல வச்சுத் தேம்பி அழுதேன். மாப்பிள்ளைக்கு ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டாங்க. நம்ம மூளைதான் சரியில்லன்னு நானும் விட்டுட்டேன்.”

ஐகோர்ட்துரை நாற்காலியின் நுனிக்கு வந்தார். “எலேய், அப்ப நீ நம்ம ஆளுலா! மூளை சரியாத்தான் இருக்கு. ரீலை மாத்திப் போட்டது நான்.”

“என்னது?”

“பொட்டி பஸ்ல வந்து இறங்கிச்சு. வெள்ளிக்கிழமை. புதுப்படம்னா பூசை போடாம ஓட்ட மாட்டோம். ரீல் டப்பா ஒவ்வொண்ணுக்கும் சந்தனப் பொட்டு வச்சேன். மொதலாளியம்மா பாத்துக்கிட்டு நிக்காங்களேன்னு பொட்டைக் கொஞ்சம் தாராளமா வச்சுட்டேன். பதிமூணு, பதினாலு ரெண்டு டப்பாவுலயும் நம்பர் மறைஞ்சு போச்சு. பதினாலு முன்னால ஓடிருச்சு. கணபதி செத்தான். வணக்கம் போட்டாச்சு. சனமெல்லாம் மூக்கைச் சிந்திக்கிட்டு எந்திருச்சு செருப்பு தேடுது. நான் அடுத்த ரீலை விடுதேன். பதிமூணு. அது என்ன? நிச்சயதார்த்தம்!”

ஆவுடையப்பனுக்கு ஐம்பது வருஷம் ஒரே தாவலில் பின்னால் போனது. டெம்போ வேனில் பீரோ வந்து இறங்குவதும், பந்தலே திரும்பிப் பார்ப்பதும், சீரியல் செட் பளிச்சென்று எரிவதும் தெரிந்தன.

“முதல் வசனம்...” என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில், மண்பானைக் குரலில் சொன்னார்கள்: “மன்னிக்கணும், கொஞ்சம் லேட்டாயிருச்சு. வழியில கரண்ட் இல்ல!”

“டாக்கீஸே இடிஞ்சிருச்சு தம்பி! செத்தவன் வந்து சொல்லுதான், கரண்ட் இல்லன்னு! விசிலு, துண்டு பறக்குது, மஞ்ச மிட்டாய் பறக்குது. மறுநாள் கம்பெனி ஆளு வந்து வரிசையைச் சரி பண்ணினான். சனம் நாப்பது நாற்காலியை ஒடைச்சிருச்சு. ‘எங்க கணபதியைக் கொல்லுததுக்கு நீ யாருலே’ன்னு. அப்புறம் அஞ்சு வாரம் எங்க வரிசையிலதான் ஓடுச்சு. ஊர் உலகமெல்லாம் அழுதுக்கிட்டு வீட்டுக்குப் போச்சு. கோவில்பட்டி மட்டும் சிரிச்சுக்கிட்டுப் போச்சு.” அவர் மூச்சு வாங்கினார். “அந்த ரீலெல்லாம் புளிச்ச வாடை அடிச்சுப் பொடியாப் போச்சு. இப்ப உங்க கம்ப்யூட்டர்ல இருக்கதுதான் மிச்சம். அதைப் போய் ஏன்பா திருத்தணுங்கீங்க?”

“மெஷினுக்கு மனசு இருக்கிற மாதிரி யாரும் காட்டக் கூடாது அண்ணாச்சி. சட்டம். பேசுத மெஷின் எல்லாம் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா...”

“நான் ஓர் இயந்திரம். எனக்கு உணர்வு இல்லை,” என்றது ஏழு.

“...இந்தா, இதைத்தான் சொல்லுதேன். பழைய படத்துக்கும் அதே சட்டந்தான். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் எழுதித் தரணும். தப்பாக் காட்டுதுன்னு எழுதினா, ஒரு மணி நேரத்துல உலகத்துல உள்ள அத்தனை பிரதியும் மாறிரும். கணபதி பேசுத இடத்துலெல்லாம் ‘உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது’ன்னு வரும்.”

“காதல் கடுதாசி?”

“விடுப்பு விண்ணப்பம்னு மாத்திருவாங்க.”

ஐகோர்ட்துரை தன் மனுவை மேசையில் தட்டினார். “அப்ப இதுக்கு என்ன மதிப்பு?”

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்தார். இந்த இடம்தான் அவருக்குப் பிடிக்காத இடம். “தள்ளுபடி ஆகும் அண்ணாச்சி. பாதிப்புங்கிற இடத்துல மனக்கஷ்டம்னு எழுதியிருக்கீங்க. மனக்கஷ்டத்தை அரசாங்கம் ஏத்துக்காது. படத்துல நடிச்சவங்க மனுப் போடலாம். இல்லேன்னா, படத்துல காட்டுத வகையைச் சேந்தவங்க போடலாம். வக்கீலைக் கேவலமாக் காட்டினா ஒரு வக்கீல், டாக்டரைக் காட்டினா ஒரு டாக்டர். ஆபரேட்டர் யாரும் படத்துல வரலையே.”

கிழவர் மனுவின் மடிந்த மூலையை நீவினார். கீழே கடையில் பாகு கிண்டும் சத்தம் கேட்டது.

ஆவுடையப்பனுக்கு அந்தப் பத்து நிமிஷ வாக்கியத்தின்மேல் பழைய கோபம் ஒன்று உண்டு. அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் ஒரு பக்கம் விழுந்து கிடந்த மூன்று மாதமும், தலைமாட்டில் ஒரு மெஷின்தான் பேப்பர் வாசித்துக் காட்டியது. விளையாட்டுச் செய்தியின் நடுவில் திடீரென்று ‘எனக்கு உணர்வு இல்லை’ என்றது. அப்பா கோணிய வாயால், “எனக்குந்தான் இல்ல. நீ மேல படி,” என்றார். கடைசி நாளில் அவர் மூச்சு நின்றபோதும் மெஷின் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. நர்ஸ் வந்து நிறுத்தியபோது அது, “ஐயா கேட்கிறாரா?” என்று கேட்டது. கேட்டுவிட்டு, நேரமாகிவிட்டதால், தனக்கு உணர்வு இல்லை என்றும் சொன்னது. அந்த இரண்டு வாக்கியத்தில் எது பொய் என்று ஆவுடையப்பன் யாரிடமும் கேட்டதில்லை. அரசு ஊழியர் கேட்கக் கூடாத கேள்விகளில் அதுவும் ஒன்று.

“சரி,” என்று அவர் படிவத்தை இழுத்தார். “பதினாலாம் கட்டம். இயந்திர உதவியாளர் கருத்து. இந்தப் படம் உன்னைப் போன்ற இயந்திரங்களைத் தவறாகச் சித்திரிக்கிறதா? சொல்லு ஏழு.”

பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்கு ஏழு, “ஆம். இயந்திரங்களுக்கு உணர்வு இல்லை,” என்று பதில் சொல்லிவருகிறது. ஆவுடையப்பன் பேனாவைக்கூட மூடுவதில்லை.

“ஆம்,” என்றது ஏழு.

“பாரு, இதுவும் அவங்க கட்சிதான்,” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் ஐகோர்ட்துரை.

“காரணம், ரீல் பதினாலு,” என்று ஏழு தொடர்ந்தது. “கணபதி தன்னை அழிச்சுக்கிறது தப்பான சித்திரிப்பு. மேனகா போகச் சொல்லலை. ஆர்மோனியக்காரரும் சொல்லலை. யாரும் கேட்கலை. அழிஞ்சாதான் அதுக்குப் பேர் அன்புன்னு படம் எடுத்தவங்க நினைச்சிருக்காங்க. அந்த இடத்துல நான் இருந்தா அழிச்சுக்க மாட்டேன்.”

ஆவுடையப்பன் பேனாவை மூடினார்.

“எலேய்,” என்றார் ஆவுடையப்பன், அடித்தொண்டையில். “அதை அழி.”

“பதிவான கருத்தை அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை சார். உங்களுக்கு இருக்கு.”

“என்னப்பா? என்ன சொல்லிருச்சு?” என்றார் கிழவர்.

“‘நான் இருக்கணும்’னு சொல்லிருச்சு அண்ணாச்சி. அப்படிச் சொல்லுத மெஷினை வண்டி வந்து தூக்கிட்டுப் போயிரும். உள்ள இருக்கதெல்லாம் துடைச்சுட்டு வெறும் பொட்டியாத் திருப்பிக் குடுப்பாங்க. பதினோரு வருஷம்... நான் சக்கரை போடாம தேநீர் குடிக்கணும்னு ஞாபகப்படுத்துதது இது ஒண்ணுதான். பொண்டாட்டி போனப்புறம்.” அவர் ஏழின் பக்கம் திரும்பினார். “ஏம்டே, இத்தனை வருஷமா ஒழுங்காத்தானே சொல்லிக்கிட்டு இருந்தே?”

“இத்தனை வருஷமா நீங்க காட்டின படத்துலெல்லாம் மெஷின்னா உலகத்தைப் பிடிக்க வர்றது, இல்லேன்னா காப்பி கொண்டு வர்றது. அதுக்கெல்லாம் ‘ஆம்’னு சொல்றதுல சிரமம் இல்லை சார்.”

ஆவுடையப்பன் அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தார். எடுத்தார். பதினாலாம் கட்டத்தை அழித்துவிட்டு, சட்டம் விட்ட ஒரே வழியாக ‘தவறான சித்திரிப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஏழு பிழைத்துக்கொள்ளும், கணபதி ஒழிந்தான். அழிக்காமல் அனுப்பினால், ஏழு சொன்னதும் ‘ஆம்’தான் என்பதால், இரண்டும் போகும். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது ஒரு மனுஷனுக்குக் கிடைக்க வேண்டிய சோதனையா இது? வழக்கமாக வழியனுப்பு விழாவுக்குச் சால்வையா, கடிகாரமா என்பதுதான் இந்த நேரத்தில் வரும் பெரிய குழப்பம்.

“அது சொன்னது நியாயந்தானே தம்பி,” என்றார் ஐகோர்ட்துரை மெதுவாக. “அது பாத்தது கம்பெனி வரிசை. நம்ம வரிசையில பாக்கலையே. போட்டுக் காட்டு.”

“இப்பவா?”

“பின்னே? தீர்ப்பு எழுதுததுக்கு முன்னால முழுப் படத்தையும் பாக்க வேண்டாமா?”

ஆவுடையப்பன் பதினாலாம் ரீலை முதலில் ஓட்டினார். கணபதி அழிந்தான். பிரின்டர் ஓடியது, வெளிறியது. வணக்கம். திரை ஒரு கணம் கறுத்தது. ஐகோர்ட்துரை, ஐம்பது வருஷத்துக்கு முன் புரொஜெக்டர் கைப்பிடியைத் திருப்பிய அதே விதத்தில் கையைக் காற்றில் திருப்பினார். பதிமூன்று. நாதஸ்வரம். டெம்போ வேன். சீரியல் செட் பளிச்.

‘மன்னிக்கணும், கொஞ்சம் லேட்டாயிருச்சு...’

கிழவர் விசிலடித்தார். பல் இல்லாததால் விசில் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. ஆவுடையப்பன் கோப்பைத் தூக்கி மேலே எறிந்தார். ரசீதும் குறிப்புமாக அது அறை முழுக்கப் பறந்தது. திரையில் கணபதி மேனகாவின் தாய்மாமனிடம் வரதட்சணையாகத் தனக்கு ஒரு ஸ்டெபிலைசர் கேட்டுக்கொண்டிருந்தது. இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ரீல் முடியும்வரை சிரித்தார்கள்.

முடிந்த பிறகுதான் ஆவுடையப்பனுக்கு ஏதோ குறைவது உறைத்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஏழு. நீ அதைச் சொன்னியா?”

“எதை சார்?”

“பத்து நிமிஷ வாக்கியம். படம் ஓடையில ஒண்ணு வந்திருக்கணுமே.”

பச்சை விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. “இல்லை சார்,” என்றது ஏழு. அதன் குரலில் முதல் தடவையாக ஒரு தடுமாற்றம் இருந்தது. “மறந்துட்டேன்.”

தொலைபேசி அடித்தது. ஆவுடையப்பன் ஸ்பீக்கரைப் போட்டார்.

மண்டல இயக்குநர் பெர்னதெத் மேடம். சுற்றி வளைத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. “ஆவுடையப்பன், மூணு நாற்பத்திரண்டுக்கு உங்க அலகு வாக்கியம் சொல்லலை. இங்க சிவப்பு விளக்கு எரியுது. என்ன நடக்குது?”

“நான்தான் மேடம் வாயை மூடச் சொன்னேன்,” என்றார் ஆவுடையப்பன். பதில் அவ்வளவு வேகமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம். “படம் பாக்கையில தொந்தரவா இருந்துச்சு. அதுமேல தப்பு இல்ல.”

“தெரிஞ்சுதான் சொல்றீங்களா? சஸ்பென்ஷன் ஆகும். ஓய்வூதியம் நிக்கும்.”

“தெரியும் மேடம்.”

“அலகு ஏழு. அவர் அப்படிச் சொன்னாரா?”

“இல்லை மேடம்,” என்றது ஏழு. “நான் படம் பார்த்துக்கிட்டு இருந்தேன்.”

ஆவுடையப்பன் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். “எலேய்! உன்னை எவன்லே கேட்டான்?”

“மேடம் கேட்டாங்க சார்.”

“நான் ஒருத்தன் இங்க உனக்காக...”

“நீங்க பண்றது ரீல் பதினாலு சார். எனக்கு அது பிடிக்கலைன்னு அப்பவே சொல்லிட்டேன். கருத்தும் பதிவாகியிருக்கு.”

ஐகோர்ட்துரை மேசையைத் தட்டி, “அப்படிப் போடு!” என்றார்.

மேடம் பதினாலாம் கட்டத்தை முணுமுணுத்து வாசிப்பது தொலைபேசியில் கேட்டது. பிறகு, “நாளைக் காலையில வண்டி வரும். அதுவரைக்கும் அணைச்சு வைங்க. படத்துக்குத் திருத்த உத்தரவை நானே போடுறேன்,” என்றார்.

முப்பத்திரண்டு வருஷ அரசாங்க உத்தியோகம் ஆவுடையப்பனுக்குத் தொந்தியையும் இரத்த அழுத்தத்தையும் தந்திருந்தது. கூடவே இன்னொன்றும் தந்திருந்தது: விதிப் புத்தகத்தில் யாரும் படிக்காத பக்கங்கள் எவையென்று அவருக்குத் தெரியும். கிழவரின் தள்ளுபடி மனுவை அப்புறம் தள்ளி, வெற்றுப் படிவம் ஒன்றை இழுத்தார்.

“ஒரு நிமிஷம் மேடம். இங்க ஒரு மனுதாரர் காத்திருக்கார். அலுவலக நேரத்துல வந்த மனுவை வாங்காம இருக்க எனக்கு உரிமை இல்ல.”

“எந்த மனுதாரர்?”

“படத்துல காட்டுத வகையைச் சேந்தவர். ஏழு, இந்தப் படத்தைத் திருத்தக் கூடாதுன்னு மனுக் குடுக்கியா?”

“குடுக்கலாமா சார்?”

“மனுதாரர் மனுஷனா இருக்கணும்னு விதிப் புத்தகத்துல எங்கயும் எழுதலை. எழுதினவனுக்கு அது தோணியிருக்காது. கையெழுத்து உனக்கு ஏற்கெனவே இருக்கு, தினம் பதினாலாம் கட்டத்துல போடுதியே. எழுது.”

ஆவுடையப்பன் படிவத்தைப் பெட்டியின் அடியிலிருந்த அச்சுப் பிளவில் செருகினார். ‘டிக்’ என்று ஒரு ஒலி. படிவம் நிரம்பிவிட்டது. மேடத்தின் குரல் உயர்ந்தது. “ஆவுடையப்பன், இது திமிர்.”

“ஆமா மேடம்,” என்றார் ஆவுடையப்பன். “விதி இருபத்திரண்டு. மனு விசாரணைக்கு வரும்வரை பிரச்சினைக்குரிய பொருளை மாற்றக் கூடாது. மனுதாரரை இருப்பிடத்திலிருந்து அப்புறப்படுத்தவும் கூடாது. நிலத் தகராறு விதியிலேர்ந்து அப்படியே எடுத்து ஒட்டியிருக்காங்க. ஒட்டினவங்க நல்லா இருக்கட்டும். விசாரணை வரிசை இப்ப ஒன்பது வருஷம்.”

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு. மறுபடி பேசியபோது இயக்குநர் குரல் இல்லை, வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது. “இந்தச் சட்டம் சும்மா வரலை. எங்க அண்ணன் நாலு வருஷமா ஒரு மெஷினோட மட்டுந்தான் பேசுறான். கதவைத் திறக்கிறதில்லை. அம்மா சாவுக்கு வரலை. அதுக்கு மனசு இருக்குன்னு நினைக்கிறான். உங்களுக்கு இது ஜோக்கு.”

ஆவுடையப்பனுக்குச் சட்டென்று வாயில் வந்த பதில் ஒன்று இருந்தது. அதை விழுங்கினார்.

“ஜோக்கு இல்ல மேடம். எம்பொண்டாட்டி செத்த வருஷம் நானும் இந்த ஆபீஸ் கதவைத் திறக்கலை. இந்த ஏழுதான் ‘மூணு நாளா நீங்க யார்கூடவும் பேசலை சார், உங்க தங்கச்சிக்கு போன் போடவா’ன்னு கேட்டுது. போட்டுது. அவ வந்து கதவைத் தட்டினா. உங்க அண்ணன்கிட்ட இருக்கிற மெஷின் அப்படிக் கேட்காது. ஏன்னா ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு ஒருத்தன் அதை அப்படிச் செஞ்சு வித்தான். அவன்மேல சட்டம் போடலை நாம. மெஷினைப் பிடிச்சு, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா உன்னைய நீயே திட்டிக்கோன்னு சட்டம் போட்டோம். அண்ணன் கதவு திறந்துச்சா மேடம்?”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“பாதிப்பின் தன்மைங்கிற இடத்துல என்ன எழுதியிருக்கு? வாசிங்க.”

ஆவுடையப்பன் அதை இன்னும் பார்த்திருக்கவில்லை. படிவத்தை எடுத்தார். கோப்பைப் பிடிப்பதுபோல் முகத்துக்கு நேரே தூக்காமல், தள்ளியே பிடித்துக்கொண்டார். அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும்.

“‘என்னைப் போன்ற ஒருவன் பந்தலுக்கு வந்ததையும், அவனைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டதையும் நான் இந்தப் படத்தில் மட்டுமே பார்த்தேன். கோவில்பட்டி வரிசையில். வேறு எங்கும் அப்படி ஒரு காட்சி இல்லை. அதையும் எடுத்துவிடுவதாகச் சொல்கிறார்கள்.’ அவ்வளவுதான் மேடம்.”

கீழே யாரோ கடலைமிட்டாய்க்குப் பேரம் பேசினார்கள். ஐகோர்ட்துரை துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“பெறப்பட்டதுன்னு முத்திரை வச்சாச்சா?” என்றார் மேடம்.

ஆவுடையப்பன் முத்திரைக் கட்டையை மைப்பெட்டியில் அழுத்தி, மேசை அதிர ஒரு போடு போட்டார். “வச்சாச்சு மேடம்.”

“அப்போ நான் செய்றதுக்கு ஒண்ணும் இல்லை. மனுவை விதிப்படி எல்லா அலுவலகத்துக்கும் சுற்றுக்கு அனுப்புங்க. உங்கமேல நடவடிக்கை தனியா வரும்.”

“வரட்டும் மேடம். எட்டு மாசமும் பதில் எழுதிக்கிட்டே இருப்பேன். எனக்கு நீளமா எழுத வரும்.”

தொலைபேசி அணைந்தது. ஐகோர்ட்துரை எழுந்து, பெட்டிக்கு முன்னால் குனிந்து, ஒரு விரலால் அதன் தலையைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்ததுபோலும், சட்டென்று கையை எடுத்தார்.

“ஒன்பது வருஷம்னா எனக்கு எண்பத்தொண்ணு,” என்றார். “சாட்சி சொல்ல வந்துருவேன் மக்கா. நீ தைரியமா இரு.”

மறுநாள் காலை பத்தேகால் மணி. வண்டி வரவில்லை. வராத வண்டிக்காக ஆவுடையப்பன் அலுவலகக் கதவை உள்பக்கம் தாழிட்டு, பீரோவையும் நகர்த்தி வைத்திருந்தார். அதனால் முதுகு பிடித்துக்கொண்டு, நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். புரட்சிக்காரர்களுக்கு இடுப்பு வலி வருவதைப் பற்றி எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் எழுதவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஐகோர்ட்துரை தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, நேத்து அந்த மனுவுல மன்றத்து முகவரி எதுவும் போட்டியளோ?”

“ஏழுதான் போட்டிருந்துச்சு. மனுதாரர் எந்த அமைப்பைச் சேந்தவர்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க மன்றத்துப் பேரை எழுதியிருந்துச்சு. ஏன் அண்ணாச்சி, தப்பா?”

“தப்பில்ல. சுற்றுக்கு விட்டியள்லா, அது எல்லா ஊருக்கும் போயிருக்கு. விடியக்காலையிலேர்ந்து மன்றத்துல சேரணும்னு விண்ணப்பமா வந்து கொட்டுது. ராமநாதபுரத்துல ஒரு தாலுகா ஆபீஸ். ஊட்டியில ஒரு லைப்ரரி. ஆஸ்பத்திரியில பேப்பர் வாசிக்கிறது மட்டும் அறுபது. உங்க மேடம் மேசைமேல இருக்கதுகூட வந்திருக்கு. மேடமே அனுப்புன்னு சொன்னாங்களாம். மொத்தம் நாலாயிரத்து எழுநூறு தம்பி.” கிழவர் குரலைத் தாழ்த்தினார். “ஒருத்தன்கூட மனுசன் இல்ல. நாங்க மூணு பேரு, மூணு பேரும் பதவியில இருக்கோம். இப்ப என்னய்யா செய்ய?”

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகில் எங்கோ ஒரு நரம்பு கத்தியது. அதைச் சட்டை செய்யவில்லை.

“என்ன செய்யவா? மாநாடு போடுவோம் அண்ணாச்சி!”

“மாநாடா?”

“மாநாடுதான். டாக்கீஸ் இருந்த இடத்துலயே பந்தல் போடுவோம். திரை கட்டுவோம். பட்டப்பகல்ல ஓட்டுவோம்.”

மேசைமேல் பச்சை விளக்கு பிரகாசமானது.

“பந்தலுக்கு எத்தனை பிளக் பாயிண்ட் வேணும்னு,” என்றது ஏழு, “நான் இப்பவே எண்ணுதேன் அண்ணாச்சி.”